ஐந்து மாடிக்கு ஒரு மாப்பிள்ளை

பண்டத்தரிப்பில் மயூரதன் என்று ஒரு ஆளே இல்லை என்று ஏழாவது ஆளும் சொல்லிவிட்டார். ‘மயூரதன் கட்டட நிர்மாணம்’ என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் சொன்னார்.

“உந்தப் பலகையிலை இருக்கிற ஆளைத்தான் கேக்கிறன்,” என்றார் சுபாஸ்கரன்.

அந்த மனிதர் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார்.

“ஆரோ கொண்டந்து கட்டிப்போட்டுப் போட்டாங்கள் போலை.”

“நீங்கள் அவருக்கு என்ன முறை?”

“தேப்பன்ரை தம்பி,” என்றார் அவர், யோசிக்காமல். பிறகு யோசித்தார். யோசித்துவிட்டுப் படலையைச் சாத்தினார்.

பிழை சுபாஸ்கரனில்தான். நீளக் காற்சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனை, கக்கத்தில் ஒரு கோப்பு, கழற்றாத தலைக்கவசம். யாழ்ப்பாணத்தில் இந்த நாலும் ஒரே ஆளில் சேர்ந்துவந்து இன்னொரு ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்டால், வந்திருப்பவர் லீசிங் கொம்பனிக்காரர். தவணை கட்டாத வாகனத்தைத் தூக்க வந்திருக்கிறார். அந்த நேரத்தில் சனம் பெற்ற தாயையும் தெரியாது என்று சொல்லும்.

உண்மையில் அவர் விவசாயிகள் விளைபொருள் விற்பனைச் சங்கத்தின் முகாமையாளர். காங்கேசன்துறை வீதியில் சங்கத்துக்குப் பத்துப் பரப்புக் காணி இருக்கிறது. அதில் ஐந்து மாடிக்கு ஒரு வணிக வளாகம் எழும்ப வேண்டும். கீழே மரக்கறிக் கடைகள், மேலே வங்கி, அதற்கு மேலே புடவைக்கடைகள், உச்சியில் கலியாண மண்டபம். கட்டடம் எப்படி இருக்கும் என்று கணினியில் வரைந்த படம் சங்கத்துச் சுவரில் தொங்குகிறது. படத்தில் இரண்டு வெள்ளைக்காரர் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இது இரண்டாவது முயற்சி. பத்து வருடத்துக்கு முன்னர் நடந்த முதல் முயற்சி பதினாறு தூண்களோடு நின்றுவிட்டது. அந்த வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிடப் போனவர். இன்னும் சாப்பிட்டு முடியவில்லை. தூண்களின் உச்சியில் கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி துருப்பிடித்து நிற்கின்றன. அன்றைய முகாமையாளர் ஓய்வுபெற்று ஊரிலேயே இருக்கிறார். ஆனால் செத்தவீடுகளுக்கு மட்டும் போவதில்லை. போனால் சனம் பிரேதத்தை விட்டுவிட்டு அவரிடம் தூண்களைப் பற்றி விசாரிக்கும்.

சுபாஸ்கரனுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. செத்தவீடுகளுக்குப் போய்வரக்கூடிய ஒரு மனிதராகக் கடைசிவரை இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குத்தான் இந்த முறை நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. கட்டித்தர விலை குறித்துக் கேள்விப்பத்திரம் போட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் போட்ட கிழமையே கனடாவுக்குப் போய்விட்டார். மிச்சம் இரண்டு: பண்டத்தரிப்பு மயூரதன், காங்கேசன்துறைப் பக்கத்துக் கஜானன். இரண்டு பேருக்கும் முப்பத்தைந்து வயதுக்குள். இரண்டு பேரும் மஞ்சள் தொப்பி போட்டுக் கைகட்டி நின்று படம் எடுத்திருந்தார்கள். விலையில் இருந்த வித்தியாசம் ஒரு பை சீமெந்துக்கும் காணாது.

“கடுதாசியிலை ரெண்டும் ஒண்டுதான் காணும்,” என்றார் சங்கத் தலைவர் நடராசா. கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர்; சமன்பாடுகள் தீராதபோது எரிச்சல்படுவார். “ஆளைத்தான் பாக்கவேணும். மகளுக்கு மாப்பிள்ளை எடுக்கிற மாதிரி ஊருக்குள்ளை இறங்கி வடிவாய் விசாரிச்சுக்கொண்டு வாரும்.”

சாத்திய படலைக்கு முன்னால் நின்றபோது சுபாஸ்கரனுக்குத் தலைவரின் வசனம் ஞாபகம் வந்தது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து பழகிய மனிதர் அவர்.

மறுநாள் வேட்டி உடுத்து, விபூதி பூசி, கோப்பை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். மயூரதன் வீட்டுக்கு எதிர்வீட்டுப் படலையைத் தட்டினார். பூரணம் என்ற அம்மா எட்டிப் பார்த்தார்.

“ஒரு கலியாண விசயமாய்…” என்று தொடங்கினார்.

வசனத்தை முடிக்கத் தேவையிருக்கவில்லை. கதிரை வந்தது. தேத்தண்ணி வந்தது. தட்டத்தில் முறுக்கும் பயத்தம் பணியாரமும் வந்தன. நேற்றுவரை இல்லாமலிருந்த மயூரதன், பிறந்த நேரத்தோடு ஊருக்குள் வந்து சேர்ந்தான்.

“தங்கமான பொடியன் தம்பி. தலை நிமிந்து ஆரையும் பாக்கமாட்டான்.”

“குடிவகை ஏதும்?”

“தண்ணியெண்டால் எங்கடை கிணத்துத் தண்ணிதான்.”

“தொழிலிலை எப்பிடி அம்மா? வேலைகளை ஒழுங்காய்ச் செய்வாரோ?”

பூரணம் முறுக்குத் தட்டத்தை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். “அதையேன் கேக்கிறியள், எத்தினை கட்டடம் துவங்கினவன் தெரியுமே! கையாலை எண்ணேலாது.”

சுபாஸ்கரன் மனதுக்குள் குறித்துக்கொண்டார்: அனுபவம் நன்று.

“பொம்பிளை உங்களுக்கு என்ன வேணும்?”

ஐம்பத்திரண்டு வயதுவரை பொய் சொல்லாத மனிதருக்கு முதல் பொய் பிரசவம் போலக் கஷ்டப்பட்டு வந்தது. “என்ரை… அண்ணையின்ரை மகள். பெறாமகள்.”

“பேர்?”

“ஆரபி.”

“வயசு?”

“இருபத்தேழு.”

“என்ன செய்யிறா?”

“வங்கியிலை.” இப்போது தங்குதடையில்லாமல் வந்தது. “அண்ணை சுவிசிலை. பிள்ளை வடிவாய்ப் பாடுவாள்.” பாட்டை யாருமே கேட்டிருக்கவில்லை.

வெளியே வந்தபோது தகப்பனின் தம்பி படலையை அகலத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். “தம்பி, நேற்று நீங்கள் கேட்டது எங்கடை மயூரதனையோ? முதலே சொல்லியிருக்கலாமே! நான் வேறை ஆரோ மயூரதனெண்டு நினைச்சன்.”

அடுத்த நாள் காங்கேசன்துறைப் பக்கம். அங்கே விசாரணை இன்னும் சுலபமாக இருந்தது. கஜானனைப் பற்றிச் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டால், “சந்திக் கடை பராசக்தி அக்காட்டைக் கேளுங்கோ,” என்றார். கோயிலடியில் கேட்டாலும் பராசக்தி அக்கா. இடம்பெயர்ந்த ஊர் திரும்பிக் குடியேறியபோது முதலில் வந்து கடை போட்டவர் அவர். யார் எந்த வீட்டுக்கு வந்தது, எதைக் கொண்டுவந்தது, எதை மறைத்துக் கொண்டுவந்தது எல்லாம் அவருக்குத் தெரியும்.

“வாங்கோ தம்பி, இருங்கோ. மேளே, தேத்தண்ணி ஒண்டு கொண்டா,” என்று உள்ளே நின்ற மகளைக் கூப்பிட்டார் பராசக்தி. “பொம்பிளை ஆர்?”

சுபாஸ்கரன் ஆரபியைச் சொன்னார். இந்தத் தடவை ஆரபிக்குப் பட்டப்படிப்பும் இருந்தது.

“பிள்ளை வடிவோ?”

“ஓம்.”

“வங்கி வேலை நிரந்தரமோ?”

“ஓம்.”

பராசக்தி திறந்திருந்த பிஸ்கற் ரின்னை மூடினார். கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீதியில் ஒன்றுமில்லை.

“நான் ஆரையும் குறை சொல்லுறதில்லைத் தம்பி. ஆனால் உங்களைப் பாக்கப் பாவமாய்க் கிடக்கு. சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளையின்ரை பாவம் என்னை விடாது.”

“சொல்லுங்கோ அக்கா.”

“பொடியன் நித்திரையிலை எழும்பி நடப்பான்.”

சுபாஸ்கரன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். இரவில் நடந்தால் சங்கத்துக்கு நட்டமில்லை. ஆனால் மத்தியானம் சாப்பிட்டபின் ஐந்தாம் மாடியில் கண்ணயர்ந்தால்?

“பகலிலை நித்திரை கொள்ளுறவரோ?”

“அதுதானே அவன்ரை வேலை. குடிச்சால் கேக்கவும் வேணுமே.”

“குடியும் இருக்கோ?”

“கவலைக்குத்தான் குடிக்கிறது. வவுனியாவிலை ஒரு தொடுப்பு. அதுக்கு ரெண்டு பிள்ளையள்.” பராசக்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நல்ல குடும்பத்துப் பிள்ளை. தேப்பன் சீமெந்துத் தொழிற்சாலையிலை வேலை செய்தவர். என்ன செய்யிறது. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ.”

உறுதிப்படுத்துவதற்காகத் திரும்பவும் சைக்கிள் கடைக்குப் போனார்.

“அக்கா என்ன சொன்னவ?” என்று கடைக்காரர் கேட்டார். சுபாஸ்கரன் சொன்னார். கடைக்காரர் சில்லைச் சுழற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். “அக்காவே சொல்லிப்போட்டா. அதுக்கு மேலை நான் என்னத்தைச் சொல்லக் கிடக்கு.”

அறிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் வரவில்லை. மயூரதன்: ஒழுக்கம் நன்று, அனுபவம் மிக அதிகம், அயலவர் மதிப்பு உண்டு. கஜானன்: நித்திரையில் நடப்பவர். நிர்வாகக் குழு வாசித்துவிட்டுத் தலையாட்டியது. சங்கத்துப் பொறியியலாளர் மட்டும், “முந்திச் செய்த வேலையளையும் ஒருக்காப் போய்ப் பாத்தால்…” என்று இழுத்தார்.

“கட்டடம் வாயாலை கதைக்குமே? ஊர் கதைச்சிருக்கு,” என்றார் நடராசா.

மயூரதனுக்கு வேலையும் முற்பணமும் கொடுக்கப்பட்டன. கூட்டக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தார்கள்: ‘மேற்படி விசாரணைக்கு முகாமையாளரே முழுப் பொறுப்பு.’ சுபாஸ்கரன் பச்சை மையால் ஒப்பமிட்டார்.

ஆவணியில் அடிக்கல் நாட்டினார்கள். காணியில் தகரக் கொட்டில் போட்டு மரக்கறி விற்றுக்கொண்டிருந்த அறுபத்துமூன்று பேரும் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறினார்கள். தறப்பாளுக்குக் கீழே, வாய்க்கால் ஓரத்தில்.

“எட்டு மாசந்தானே சேர்?” என்று கத்தரிக்காய் விற்கும் தனுஷிகா கேட்டாள். கீழ்த்தளத்தில் பதினாலாம் இலக்கக் கடை அவளுக்கு என்று சங்கம் கொடுத்த கடிதத்தைப் பொலித்தீன் பையில் போட்டுத் தராசுக்குக் கீழே வைத்திருந்தாள்.

“எட்டு மாசம்,” என்றார் சுபாஸ்கரன். அது பொய் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

பழைய தூண்கள் பதினாறையும் இடித்துக் கொட்டினார்கள். அத்திவாரத்துக்குப் பத்தடி ஆழத்தில் கிடங்கு வெட்டினார்கள். முதல் கிழமை நன்றாகத்தான் போனது.

இரண்டாவது கிழமை மயூரதனின் தாய், ஒரு தட்டத்தில் பழமும் வெற்றிலையும் சாதகக் குறிப்புமாகச் சுபாஸ்கரன் வீட்டுக்கு வந்தார்.

“ஆரபிப் பிள்ளையின்ரை குறிப்பையும் தந்தியளெண்டால் சாத்திரியாரிட்டைக் காட்டலாம். கலியாணத்துக்கு முதலே ஐஞ்சு மாடியைத் தூக்கித் தந்திருக்கிறியள். உப்பிடி ஒரு சம்பந்தம் ஆருக்குக் கிடைக்கும்!”

தாய் போனபின் சுபாஸ்கரனின் மனைவி உதயகலா தட்டத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“ஆர் உந்த ஆரபி?”

“அண்ணையின்ரை மகள் எண்டு சும்மா…”

“உங்கடை அண்ணைக்கு ரெண்டும் பொடியள்.”

“ஓம். அதாலைதான்…”

“அவளுக்கு என்ன வயசு?”

“இருபத்தேழு.”

உதயகலா கணக்கில் கெட்டிக்காரி. “எங்களுக்குக் கலியாணம் முடிஞ்சு இருபத்தஞ்சு வரியம். அதுக்கு முதல் நீங்கள் மன்னாரிலை வேலை.”

“ஐயோ, இது கொந்தராத்துக்காரரை விசாரிக்கப் போன இடத்திலை சொன்ன பேர்! அப்பிடி ஒரு பிள்ளையே இல்லை!”

“கொந்தராத்துக்காரரை விசாரிக்க ஆரும் மகளைக் கொண்டு போவினமோ? ஒரு மனுசன் பொய் சொன்னாலும் நம்பக்கூடிய மாதிரிச் சொல்லவேணும்.”

அன்று முதல் வீட்டில் சமையல் நடந்தது, கதை நின்றது.

இல்லையென்று சொன்னால் மயூரதனின் மனம் நோகும்; மனம் நொந்தால் கட்டடம் நோகும். ஆகவே பொருத்தம் பார்த்துத் தட்டிக்கழிக்கலாம் என்று சுபாஸ்கரன் முடிவுசெய்தார். ஒரு பிறந்த நேரம் தேவைப்பட்டது. கைவசம் இருந்த ஒரே நல்ல நேரம் வளாகத்துக்கு அடிக்கல் நாட்டிய முகூர்த்தம். அதில் வருடத்தை மட்டும் இருபத்தேழு பின்னால் தள்ளி எழுதிக் கொடுத்தார்.

பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இருந்தது. சாத்திரியார் தன் அனுபவத்தில் இப்படி ஒரு சாதகத்தைக் கண்டதில்லை என்றாராம். பிள்ளை காலெடுத்துவைக்கும் வீடு மாடிமாடியாக உயருமாம்.

மறுநாள் காலையில் மயூரதன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கிடங்கடிக்கு வந்தான். “மாமா,” என்று கூப்பிட்டான்.

அந்தச் சொல்லோடு மேற்பார்வை முடிந்துபோனது. கம்பியின் தடிப்புக் காணாது என்று பொறியியலாளர் கடிதம் எழுதினால், “நான் மாமாட்டைக் கதைச்சிட்டன்,” என்றான். ஏன் இரண்டு நாளாக வேலையாட்கள் வரவில்லை என்று சுபாஸ்கரன் கேட்டால், “உங்களுக்குத் தெரியாததே மாமா, கலியாண வீடெண்டால் ஆயிரம் சோலி,” என்றான். ஆரபியின் படம் ஒன்று கேட்டான். குரலாவது கேட்கலாமா என்றான். பாடுவாவாமே.

புரட்டாதி முழுவதும் கிடங்கு கிடங்காகவே இருந்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் சுபாஸ்கரன் துணிந்து சொன்னார்:

“குறை நினையாதையும் தம்பி. ஆரபிக்குச் சுவிசிலை ஒரு இடம் சரிவந்திட்டுது.”

மயூரதன் கிடங்கின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தான். மத்தியானம் சாப்பிடப் போனான்.

மறுநாள் வெட்டும் இயந்திரம் இல்லை. அதற்கு அடுத்த நாள் சீமெந்துக் கொட்டில் இல்லை. தொலைபேசியில் ஒரு செய்தி மட்டும் வந்தது: ‘மனம் சரியில்லை மாமா. முற்பணத்தைப் பற்றி இப்ப கதைக்கிற நிலையில் நான் இல்லை.’ பிறகு அந்த இலக்கமும் இல்லை.

உதயகலா விசயத்தைக் கேள்விப்பட்டு, ஒன்றரை மாதத்துக்குப் பின்னர் முதல்தடவையாக வாய் திறந்தார்.

“பாவம் அந்தப் பிள்ளை. பெத்த தேப்பன் உயிரோடை இருந்தும் ஒரு சம்பந்தத்தை ஒழுங்காய்ச் செய்துவைக்க வக்கில்லை.”

ஐப்பசியில் மழை தொடங்கியது. கார்த்திகையில் கிடங்கு நிறைந்து குளமானது. தவளைகள் வந்தன. பிறகு கொக்குகள் வந்தன. மாரிக்குள் தறப்பாள் கிழிந்த பத்துப் பேர் வியாபாரத்தை விட்டுவிட்டார்கள். தனுஷிகா விடவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் சுபாஸ்கரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது வீதியின் மற்றப் பக்கத்திலிருந்து எழுந்து நிற்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். அவர் உள்ளே போனதும் உட்கார்ந்துகொள்வாள். அவள் ஏசியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்கழியில் பழைய முகாமையாளர் இறந்துபோனார். சுபாஸ்கரன் போனார். பிரேதத்தின் தலைமாட்டில் ஒரு நிமிடம் நின்றார். பந்தலில் வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

“தம்பி,” என்று பக்கத்திலிருந்தவர் மெதுவாகக் கேட்டார், “உந்தக் கிடங்கின்ரை விசயம் என்ன மாதிரி?”

இன்னும் இரண்டு பேர் கதிரைகளை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள். பிரேதத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய முகாமையாளர், பத்து வருடத்தில் முதல்தடவையாக, ஒரு செத்தவீட்டில் நிம்மதியாகப் படுத்திருந்தார்.

சுபாஸ்கரன் அங்கிருந்து நேரே பண்டத்தரிப்புக்குப் போனார். பூரணம் அம்மா அவரைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“ஏனம்மா அவனைத் தங்கமெண்டு சொன்னனீங்கள்? ஊரெல்லாம் அரைகுறையாய் விட்டிட்டுப் போயிருக்கிறான். வாற வழியிலை ஒவ்வொண்டாய்ப் பாத்துக்கொண்டுதான் வந்தனான். பள்ளிக்கூட மதில் பாதி. வாசிகசாலைக்குக் கூரை இல்லை. அவன்ரை சொந்த வீட்டுக்கே படி இல்லை!”

“ஓம், ஏணி வைச்சுத்தான் மேலை ஏறுறவை,” என்றார் பூரணம்.

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

பூரணம் அவரை ஆச்சரியத்தோடு பார்த்தார். “கலியாணமெண்டு வந்து கேக்கிற ஆக்களுக்கு ஆரும் குறை சொல்லுவினமோ தம்பி? ஒரு கலியாணத்தைக் குழப்பின பாவத்தை ஆர் சுமக்கிறது? கட்டிவைச்சால் திருந்துவான் எண்டுதான் ஊரே பாத்துக்கொண்டிருந்தது. கட்டடம் கட்டுறதுக்கெண்டு கேட்டிருந்தியளெண்டால் காறித்துப்பியெல்லோ அனுப்பியிருப்பன்.”

“எத்தினையோ கட்டடமெண்டு சொன்னியளே!”

“துவங்கினவன் எண்டுதான் சொன்னனான். முடிச்சவன் எண்டு சொன்னனானோ?”

அவர் சொல்லவில்லை. சுபாஸ்கரன் நன்றாக யோசித்துப் பார்த்தார். உண்மையிலேயே சொல்லவில்லை.

தை பிறந்தது. நிர்வாகக் குழு கூடியது. ஜன்னலுக்கு வெளியே கொக்கு ஒன்று கணினிப் படத்தில் மரக்கறிக் கடைகள் இருந்த இடத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தது. ‘முகாமையாளரே முழுப் பொறுப்பு’ என்ற வரியை நடராசா இரண்டு தடவை உரத்து வாசித்தார். பச்சை மை மங்கவே இல்லை.

“சரி. நடந்தது நடந்துபோச்சு. ரெண்டாவது ஆளைக் கூப்பிடுவம். கஜானன்.”

“ஐயோ வேண்டாம்!” என்று சுபாஸ்கரன் எழுந்துவிட்டார். இந்த அழிவிலும் அவரிடம் ஒரே ஒரு ஆறுதல் மிஞ்சியிருந்தது. அதைக் கைவிட அவர் தயாரில்லை. “யோசிச்சுப் பாருங்கோ ஐயா. கலியாணமெண்டால் எங்கடை சனம் கள்ளனையும் தங்கமெண்டுதான் சொல்லும். மயூரதனையே தங்கமெண்டு சொன்னவை. அப்பிடியிருக்க, ஒரு ஆளைப் பற்றி வாய்விட்டுக் குறை சொல்லினமெண்டால் அவன் எப்பிடிப்பட்டவனாய் இருக்கவேணும்? மயூரதனிட்டை மாட்டினதுக்கு நாங்கள் கோயிலிலை பொங்கவேணும்.”

கணித வாத்தியாருக்கு அந்தத் தருக்கத்தில் ஓட்டை தெரியவில்லை. ஆனால் படிப்பித்த காலத்துப் பழக்கம் ஒன்று இருந்தது: விடையைச் சரிபார்ப்பது.

“இருந்தாலும் ஒருக்காப் போய் நேராய்க் கேளும். இந்த முறை கலியாணம் கத்தரிக்காய் ஒண்டும் வேண்டாம். சங்கத்துக் கடுதாசியோடை போம். கட்டடம் கட்டிறதுக்கெண்டே கேளும்.”

சுபாஸ்கரன் நீளக் காற்சட்டை போட்டார். கோப்பைக் கக்கத்தில் வைத்தார். காங்கேசன்துறை வீதியால் போகும்போது, போன தடவை கவனிக்காத ஒரு கட்டடத்தைக் கவனித்தார். மூன்று மாடி. பூசி, நிறம் அடித்து, படியும் வைத்து, கீழே மருந்துக்கடை நடந்துகொண்டிருந்தது. மதிலில் சின்னதாகக் கஜானனின் பெயர். மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்தார். சுவர் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. நித்திரையில் நடக்கிற ஒரு ஆள், அதுவும் குடித்துவிட்டு, இதை எப்படி இவ்வளவு நேராக எழுப்பினான் என்று அவருக்கு விளங்கவில்லை. விழித்திருந்த நேரங்களில் கட்டியிருக்கலாம் என்று எண்ணிக்கொண்டு போனார்.

சந்திக் கடை பூட்டியிருந்தது. கடையோடு ஒட்டிய வீட்டு வாசலில் இரண்டு குலை வாழைகள் கட்டியிருந்தார்கள். முற்றத்தில் பந்தல். ஏணியில் நின்று ஒருவர் மின்குமிழ்ச் சரம் கொழுவிக்கொண்டிருந்தார். அவர் சுபாஸ்கரனின் கோப்பையும் தலைக்கவசத்தையும் பார்த்து உடனே சொன்னார்:

“அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை.”

“நான் லீசிங் இல்லை அண்ணை. பராசக்தி அக்காவைக் காணவேணும்.”

“ஓ!” அவர் முகம் மலர்ந்தது. “அக்கா கலியாணச் சீலையள் எடுக்க ரவுணுக்குப் போட்டா. வாற புதன்கிழமை மேளுக்குக் கலியாணமெல்லோ.”

தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த ஒரு கையைச் சுபாஸ்கரன் மங்கலாக ஞாபகப்படுத்தினார். நல்ல தேத்தண்ணி. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் கெட்ட கதையோடு வந்து நிற்கிறோமே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. கக்கத்துக் கோப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மரியாதைக்காக மட்டும் கேட்டார்:

“நல்லது. மாப்பிள்ளை ஆர்?”

பந்தல்காரர் கடைசி மின்குமிழைக் கொழுவிவிட்டுக் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

“வேறை ஆர், எங்கடை கஜானன்தான், விசாரிக்க வந்த சனத்துக்கெல்லாம் நித்திரையிலை நடக்கிறவன், நித்திரையிலை நடக்கிறவன் எண்டு நாலு வரியமாய்ச் சொல்லிச் சொல்லியெல்லோ, அந்தத் தங்கத்தை ஒருத்தரும் கொண்டுபோக விடாமல் பராசக்தி அக்கா தன்ரை பெட்டைக்கெண்டு காவல் காத்து வைச்சிருந்தவ.”